வேணும்னே: கட்கிக் களப்பணியை முன்வைத்து ஒரு சொல்லாய்வு

1. ஆய்வுச் சிக்கல்

சங்க இலக்கியத்தில் யானையை ஆராய்ந்தாயிற்று. குரங்கையும் ஆராய்ந்தாயிற்று. பூனைக்குக்கூட எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் தயாராகிக்கொண்டிருக்கலாம். ஆனால் காலையில் குழாயடியில் தொடங்கி இரவில் டிவி ரிமோட்டோடு முடியும் தமிழனின் ஒரு நாளைக் கட்டி ஆளும் ‘வேணும்னே’ என்ற சொல்லை ஆய்வாளர்கள் கண்டுகொள்ளவில்லை. அவர்கள் அதை வேணும்னே விட்டார்களா, தெரியாமல் விட்டார்களா என்பதே இக்கட்டுரையின் முதல் வினாவாக இருந்திருக்க வேண்டும். நெறியாளர் என்று ஒருவர் இல்லாததால் அது இரண்டாம் வினாவாயிற்று.

முதல் வினா இது: ஒருவர் ஒன்றை வேணும்னே செய்தார் என்று மற்றவருக்கு எப்படித் தெரிகிறது? நெஞ்சைப் பிளந்து பார்க்கும் வசதி அனுமனுக்கு மட்டுமே வாய்த்தது, அதுவும் தன் நெஞ்சை. ஆனால் மாடியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்ததும், மேலே இருப்பவரின் உள்ளத்தில் அந்த நொடியில் ஓடிய எண்ணம் கீழே நிற்பவருக்குத் துல்லியமாகத் தெரிந்துவிடுகிறது. இந்த ஞானத்தின் ஊற்றுக்கண்ணைத் தேடுவதே நம் நோக்கம்.

2. களமும் அதன் தகுதியும்

ஆய்வுக்களம் கட்கி. புணே ஜங்ஷனில் லோனாவாலா லோக்கல் ஏறினால் சிவாஜிநகருக்கு அடுத்த நிறுத்தம், தாண்டினால் தாபோடி. மராத்தியில் கட்கி, ஆங்கிலேயர் எழுத்தில் கிர்க்கி. பெயரை அவர்கள் வேணும்னே திருகினார்களா, வாயில் நுழையாமல் திருகியதா என்பதற்கு ஆவணம் இல்லை. தூத்துக்குடியையும் திருவல்லிக்கேணியையும் இழந்தவர்கள் என்ற முறையில் தமிழர்களாகிய நமக்கு ஒரு கருத்து உண்டு. அதை இங்கே பதிவு செய்வதில்லை.

இவ்வூரின் வரலாறே நம் பொருளோடு பிணைந்தது. 1817 நவம்பர் 5 அன்று இரண்டாம் பாஜிராவ் பேஷ்வாவின் படைக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கும் இங்கே போர் நடந்தது. பேஷ்வா பர்வதிக் குன்றிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாபு கோகலே தலைமையில் பாய்ந்து வந்த மராட்டியக் குதிரைப்படை, நடுவில் கிடந்த சேற்று நிலத்தில் சிக்கி ஒழுங்கு குலைந்தது. அந்தச் சேறு வேணும்னே அங்கே கிடந்தது என்று இரு தரப்பு வரலாற்றாசிரியர்களும் எழுதவில்லை. நம் தெருவில் ஒரு ஸ்கூட்டர் சேற்றில் சறுக்கியிருந்தால் இந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

போருக்குப் பின் கண்டோன்மென்ட் வந்தது. 1869இல் வெடிமருந்துத் தொழிற்சாலை வந்தது. இன்று அது மியூனிஷன்ஸ் இந்தியா என்ற அரசு நிறுவனத்தின் கீழ். அதன் தலைமையகமும் புணேயில்தான். பட்டாளம், ஆலை, ரயில் என்று ஒவ்வொன்றின் பின்னாலும் தமிழ்க் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. ஆகவே ஒரே சந்தில், ஒரே குழாயில், ஒரே சண்டையை மராத்தியிலும் இந்தியிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் தமிழிலும் கேட்க முடிகிறது. ஒப்பியல் அறிஞனுக்கு இதைவிட என்ன வேண்டும்? தோட்டா செய்யும் ஊர் என்பதும் கூடுதல் தகுதி. ‘தெரியாம நடந்துடுச்சு’ என்ற வாக்கியத்துக்கு மதிப்பே இல்லாத பணியிடம் ஒன்று உலகில் உண்டென்றால் அது வெடிமருந்து ஆலைதான்.

ஆற்றுக்கு அப்பால் எரவாடாவில் டெக்கான் கல்லூரி இருக்கிறது. அங்கே 1948இல் தொடங்கிய சமஸ்கிருதப் பேரகராதிப் பணி, முப்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகள் வெளிவந்த பின்னும் அகரத்திலேயே நிற்கிறது. அவ்வளவு பொறுமைக்கு அருகில் அமர்ந்து ஆய்வு செய்பவன் ஒரே ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்வதை யாரும் குறை சொல்ல முடியாது.

3. சொல்லின் உடற்கூறு

வேண்டும் + என்று + ஏ. மூன்று உறுப்பு. பேச்சில் உருகி ‘வேணும்னே’ ஆகிறது.

முதல் உறுப்பு விருப்பம். கோயிலில் மொட்டை போட நேர்ந்துகொள்வதும் இதே வேண்டுதல்தான். ஆக, நம் சொல்லின் தாய்வீடு பக்தி. பக்தியில் பிறந்த சொல் குழாயடிக்கு எப்படி வந்தது என்பது தனி ஆய்வு.

இரண்டாம் உறுப்பு ‘என்று’. தொல்காப்பியம் ‘என’ என்னும் இடைச்சொல்லுக்கு ஆறு பொருள் சொல்லி, ‘என்று’ என்பதையும் அதன் வழியிலேயே நிறுத்துகிறது. நம் சொல்லில் இவ்வுறுப்பு செய்வது என்ன? குற்றவாளி மனதுக்குள் ‘இது எனக்கு வேண்டும்’ என்று சொன்னதை மேற்கோள் காட்டுகிறது. பேசுகிறவர் அந்த மனதுக்குள் போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கிறார் என்பது இலக்கணத்திலேயே பதிவாகிவிடுகிறது.

மூன்றாம் உறுப்பான ஏகாரமே இச்சொல்லின் முதுகெலும்பு. தொல்காப்பியர் ஏகாரத்துக்கு ஐந்து பொருள் சொன்னார். நன்னூலார் ஆறு என்றார். இரண்டு பட்டியலிலும் தேற்றம் உண்டு. தேற்றம் என்றால் ஐயத்துக்கு இடமில்லாத தெளிவு. முதல் வினாவுக்கான விடை இங்கே கிடைத்துவிடுகிறது. வேணும்னே செய்தார் என்பதற்குச் சாட்சி இல்லை, தடயம் இல்லை, ஒப்புதல் வாக்குமூலம் இல்லை. அந்த மூன்று காலி இடங்களிலும் ஒரே ஓர் ஏகாரம் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துகொள்கிறது.

தெலுங்கர் ‘காவாலனே’ என்கிறார். கன்னடர் ‘பேக்கந்தலே’ என்கிறார். அங்கும் இதே விருப்பம், இதே ‘என்று’, இதே ஏகாரம். மூன்று இனத்தாரும் அடுத்தவர் மனதுக்குள் நுழைந்து கேட்டுவிட்டுத் திரும்பும் பழக்கத்தில் ஒரு குடும்பமாகவே இருந்திருக்கிறார்கள். மலையாளி மட்டும் ‘மனப்பூர்வம்’ என்று சமஸ்கிருதத்தில் குற்றம் சாட்டிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விடுகிறார்.

4. இட விதி

தன்மை, முன்னிலை, படர்க்கை மூன்றிலும் இச்சொல் ஒரே மாதிரி நடப்பதில்லை.

முன்னிலையில் இது வழக்கு: ‘என்னக்கா, வேணும்னே பண்றீங்களா?’

படர்க்கையில் இது தீர்ப்பு: ‘அவ வேணும்னேதான் பண்றா.’ படர்க்கையில் மட்டும் ‘தான்’ தானாக வந்து ஒட்டிக்கொள்வதைக் கவனிக்க. ஆள் எதிரில் இல்லாதபோது தேற்றம் இரட்டிப்பாகிறது.

தன்மையில் ஏகாரம் காணாமல் போகிறது. ‘நான் என்ன வேணும்னா செஞ்சேன்?’ வாதியின் வாயில் ஏகாரமாக இருந்தது பிரதிவாதியின் வாயில் வினா ஆகாரமாகிவிட்டது. தமிழகத்தின் வாய்ச்சண்டைகளில் பெரும்பகுதி, ஆழ்ந்து நோக்கினால், ஓர் ஏகாரத்துக்கும் ஓர் ஆகாரத்துக்கும் நடப்பதே.

இதற்குப் புறனடை ஒன்று உண்டு. ‘ஆமா, வேணும்னுதான் செஞ்சேன். இப்ப என்னாங்கிற?’ இவ்வாக்கியத்துக்குப் பின் மொழியியலுக்கு வேலை இல்லை. எலும்பியல் தொடங்குகிறது.

5. திணை மயக்கம்

தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்குகிறது. ஆறாவது அறிவு மனம். அது மனிதருக்கு உரியது. மனம் இருந்தால்தான் விருப்பம். விருப்பம் இருந்தால்தான் வேணும்னே. இலக்கணப்படி புல்லும் நண்டும் எதையும் வேணும்னே செய்ய முடியாது.

வழக்கு வேறு மாதிரி. ‘துணி காயப்போட்டாப் போதும், இந்த மழை வேணும்னே வருது.’ ‘குக்கர் வெச்ச நேரம் பார்த்து வேணும்னே கரண்டு போவுது.’ ‘ஆஸ்பத்திரிக்குக் கிளம்புற அன்னிக்கு வேணும்னே இந்த வண்டி ஸ்டார்ட் ஆவாது.’ மேகம், மின்சாரம், கார்புரேட்டர் மூன்றுக்கும் நாம் ஆறாம் அறிவு கொடுத்துவிட்டோம். அதே வாயால், அதே நாளில், வளர்ந்த மகனைப் பார்த்து ‘உனக்கு அறிவே இல்லையாடா’ என்று கேட்கிறோம். அறிவு உலகில் ஓரளவே இருக்கிறது. பொருள்களுக்குப் பங்கிட்ட பின் பிள்ளைகளுக்கு மிஞ்சவில்லை என்று கொள்வதே பொருத்தம்.

மனிதருக்கு மேலே போனாலும் சிக்கல். குறளின் கடவுள் வாழ்த்து இறைவனை விருப்பும் வெறுப்பும் அற்றவனாகக் காட்டுகிறது. அப்படியானால் அவனால் எதையும் வேணும்னே செய்ய முடியாது; உலகில் அந்த ஒரு வேலைக்கு மட்டும் கடவுள் தகுதியற்றவர். ஆனாலும் கோயில் வாசலில் செருப்பைத் தொலைத்தவர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, ‘வேணும்னே சோதிக்கிறியே முருகா’ என்கிறார். குறளின் இறையியலைச் செருப்பு தோற்கடிக்கும் இடம் இது.

6. எதிர்ச்சொல் காணாமல் போன கதை

வேண்டும் என்பதன் எதிர் வேண்டாம். ஆகவே வேணும்னே என்பதன் எதிர் ‘வேணாம்னே’ என்று இருக்க வேண்டும். ஆனால் ‘வேணாம்னே விட்டுட்டேன்’ என்றால் அதுவும் வேணும்னே விட்டதுதான். ‘வேண்டாவெறுப்பா’ என்பது பக்கத்திலேயே இருக்கிறது. அது மாமியார் வீட்டு விசேஷத்துக்குப் போவதற்கென்று ஏற்கெனவே ஒதுக்கப்பட்டுவிட்டது.

நடைமுறையில் நாம் பிடித்துக்கொண்ட எதிர்ச்சொல் ‘தெரியாம’. ‘வேணும்னே மிதிச்சியா?’ ‘இல்லண்ணே, தெரியாமப் பட்டுடுச்சு.’ குற்றச்சாட்டு விருப்பத்தைப் பற்றியது. பதில் அறிவைப் பற்றியது. உனக்கு ஆசை இருந்ததா என்று கேட்டால், எனக்குத் தகவல் இல்லை என்கிறார். கேள்வி ஒரு துறைக்குப் போகிறது, பதில் வேறு துறையிலிருந்து வருகிறது. அரசு அலுவலகத்தில் கோப்பு முடியாததற்கும் தமிழர் வீட்டில் சண்டை முடியாததற்கும் காரணம் ஒன்றே.

இந்திக்காரருக்கு இந்தச் சங்கடம் இல்லை. அவர் குற்றச்சாட்டே ‘ஜான்பூஜ்கர்’. அறிந்தும் புரிந்தும் செய்தாய் என்பது. பதிலும் அறியாமல் செய்தேன் என்றே வருகிறது. வழக்கும் எதிர்வழக்கும் ஒரே நீதிமன்றத்தில் நடப்பதால் அவர்கள் கைகலப்புக்கு விரைவாக வந்து சேர்கிறார்கள்.

தமிழில் ‘தெரிஞ்சே’ என்று இன்னொன்றும் உண்டு. அதையும் வேணும்னேயையும் குழப்பக் கூடாது. சர்க்கரை நோயாளி ஜிலேபி தின்பது தெரிஞ்சே, வேணும்னே அல்ல. அவர் ஜிலேபியைத்தான் விரும்பினார், சர்க்கரையை அல்ல. மருமகள் பரிமாறும்போது அவருக்கு மட்டும் ஜிலேபியைத் தள்ளி வைத்தால் அது வேணும்னே, என்பது அவர் கட்சி.

7. சட்டமும் வங்கியும்

ஜிலேபிப் பிரச்சினையை மெக்காலேயும் சந்தித்தார். அவர் தலைமையிலான குழு 1837இல் வரைந்து, 1860இல் சட்டமாகி, 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, ஒருவர் ஒரு விளைவைத் தம் விருப்பப்படி உண்டாக்கினார் என்பது எப்போது என்று விளக்கியது. அந்த விளைவையே நினைத்துச் செய்திருந்தாலும் சரி, அது நேரக்கூடும் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ செய்திருந்தாலும் சரி, இரண்டும் ஒன்றே. கொள்ளையடிக்க வசதியாக ஆள் இருக்கும் வீட்டுக்கு இரவில் தீ வைத்தவன், உள்ளே ஒருவர் இறந்ததற்காக வருந்தினாலும், சாவு நேரக்கூடும் என்று தெரிந்திருந்தால், அதைத் தன் விருப்பப்படி உண்டாக்கியவனே என்று எடுத்துக்காட்டும் தந்தது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. இந்த விளக்கமும் கூடவே குடிபெயர்ந்தது.

மாடி வீட்டு ஈரத்துணிக்கு இதைப் பொருத்துவோம். மேல்வீட்டம்மாவுக்குக் கீழ்வீட்டுத் தலையை நனைக்க விருப்பம் இல்லை. ஆனால் துணி சொட்டும் என்று தெரியும்; கீழே ஆள் நடமாட்டம் உண்டு என்று நம்பக் காரணமும் உண்டு. ஆக, தமிழ் வேணும்னேயும் தமிழ் தெரிஞ்சேயும் சட்டத்தின் முன் சமம். கீழ்வீட்டுக்காரரின் இலக்கணம் தவறாக இருக்கலாம். சட்ட அறிவு அபாரம்.

வங்கியியல் இன்னும் நுட்பமானது. கட்டக்கூடியவராக இருந்தும் கடனைக் கட்டாதவர்களை நம் நாளிதழ்கள் ‘வேண்டுமென்றே கடனைத் திருப்பிச் செலுத்தாதவர்கள்’ என்று எழுதுகின்றன. இந்தப் பட்டியலுக்குள் நுழைய ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் வாசல்படி 25 லட்சம் ரூபாய் பாக்கி. உள்ளத்தின் நோக்கத்துக்கு ரொக்கத்தில் அளவு வைத்த ஒரே அமைப்பு என்ற வகையில் மனோதத்துவ உலகம் அதற்குக் கடமைப்பட்டிருக்கிறது. 24 லட்சம் வரை மனிதர் மறதியாளர். 25இல் அவருக்கு மனம் முளைக்கிறது.

அரசியல்வாதிகள் நம் சொல்லைத் தொடுவதில்லை. அவர்களுடையது ‘உள்நோக்கம்’. நோக்கம் என்பது எப்போதும் உள்ளேதான் இருக்கிறது. வெளிநோக்கம் என்று ஒன்றை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் ‘உள்’ சேர்ந்ததும் நோக்கம் கெட்டுப்போகிறது. தன் கட்சிக்கு இருப்பது நோக்கம், எதிர்க்கட்சிக்கு இருப்பது உள்நோக்கம் என்பதே நடைமுறை விதி.

8. முத்தாம்

இனி, களம் தந்த உண்மையான கண்டுபிடிப்பு. கட்கி மராத்தியர் நம் வேணும்னேக்கு ஆளும் சொல் ‘முத்தாம்’. நடுவில் வரும் தகரத்தை அழுத்தி, குரல் கொடுத்து ஒலிக்க வேண்டும். தமிழ் எழுத்தில் அதற்கு வழி இல்லாததால் எழுதியதும் அது முத்தத்துக்குப் பக்கத்து வீடாகிவிடுகிறது. இது எழுத்தின் குறை என்று முதலில் தோன்றும், மேலே படிக்கவும்.

குழாயடியில் முத்தாம் நம் சொல்லைப் போலவே நடக்கிறது. ‘முத்தாம் கேல’ என்றால் வேணும்னே செய்தாய். ‘மீ முத்தாம் நாஹி கேல’ என்றால் நான் வேணும்னு செய்யவில்லை. அதுவரை தமிழருக்கு வியப்பில்லை. ஆனால் அதே மராத்தியம்மா மாலையில் ஒரு டப்பாவோடு கதவைத் தட்டி, ‘துஜ்யாசாட்டி முத்தாம் ஆணலய்’ என்கிறார். உனக்காகவே, உன்னை நினைத்தே கொண்டுவந்தேன். உள்ளே பூரண்போளி. காலையில் பழியாக இருந்த சொல் மாலையில் பலகாரமாக வருகிறது. ‘முத்தாம் பேட்டாயலா ஆலோ’ என்று விருந்தாளி சொன்னால் உங்களைச் சந்திக்கவென்றே வந்தேன் என்று பொருள். வீட்டுக்காரர் மகிழ்ந்து தேநீர் வைப்பார்.

தமிழ்ச் சொல்லால் இது முடியாது. ‘உங்களுக்கு வேணும்னே பாயசம் கொண்டாந்தேன்’ என்று சொல்லிப் பாருங்கள். வாங்கியவர் முதலில் பூனைக்கு ஊற்றிப் பார்ப்பார்.

ஆனால் உறுப்புகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. ‘உன்னைப் பார்க்கணும்னே வந்தேன்’, ‘நீ சாப்பிடணும்னே செஞ்சேன்’ என்று இன்னொரு வினையின் தோளில் தொற்றிக்கொள்ளும்போது அதே வேண்டும், அதே என்று, அதே ஏகாரம் அன்பாகிவிடுகின்றன. தனியாக நின்றால் பழி. பார்ப்பதோடும் சாப்பிடுவதோடும் சேர்ந்தால் பாசம். இவ்விதியை இதுவரை எந்த நூற்பாவும் சொல்லாததால், ‘துணைவினையாய் வரின் இனிமை, தனிவினையாய் வரின் தகராறு’ என்று இவ்வாய்வாளர் சூத்திரம் செய்கிறார். உரை எழுத விரும்புவோர் எழுதலாம்.

சிக்கல் எங்கே என்றால், இனிமையான இந்த வடிவத்தை நாம் வாய்விட்டுச் சொல்வதில்லை. தமிழ் விருந்தாளி திட்டமிட்டு, லீவு போட்டு, ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வருகிறார். வாசலில் ‘என்ன இந்தப் பக்கம்?’ என்று கேட்டதும் ‘சும்மாதான், இப்படிப் போனேன், அப்படியே எட்டிப் பாத்துட்டுப் போகலாம்னு’ என்கிறார். வேணும்னே வந்ததை மறைக்க ஒரு முழு வழித்தடத்தையே புனைகிறார். மாமியாருக்குப் பிடித்த மீன் குழம்பைத் தேடிப்பிடித்து வைத்த மருமகளும் ‘இருந்துச்சு, வெச்சேன்’ என்றுதான் சொல்வாள். அன்பில் நாம் நோக்கத்தை ஒளிக்கிறோம். அடுத்தவர் இடித்தால் மட்டும் நோக்கத்தைத் தோண்டி எடுக்கிறோம். ஒருவர் செய்த நல்லதெல்லாம் சும்மா, கெட்டதெல்லாம் வேணும்னே என்றே கணக்கெழுதிக் கணக்கெழுதி, உலகமே நம்மைக் குறிவைத்து இயங்குவதாகவும், தப்பித்தவறியும் நம்மை யாரும் நேசிப்பதில்லை என்றும் முடிவுக்கு வந்திருக்கிறோம். கணக்கு சரி. பேரேடுதான் தவறு.

9. பரிந்துரைகள்

அ. வேணும்னே என்று குற்றம் சாட்டுபவர், அவ்வளவு திட்டமிடும் திறமை எதிராளிக்கு உண்டா என்று முதலில் சரிபார்க்க வேண்டும். கல்யாணத் தேதியையே மறக்கும் கணவர், மனைவி கோலம் போட்டு முடிக்கும் நொடியைக் கணித்துச் சைக்கிளை ஏற்றினார் என்பது அவரை அளவுக்கு மீறிப் புகழ்வதாகும்.

ஆ. மழை, மின்சாரம், கார்புரேட்டர் ஆகியவற்றின் மீதான நிலுவை வழக்குகள் அனைத்தும் தள்ளுபடி செய்யப்பட வேண்டும்.

இ. கட்கித் தமிழர்கள் முத்தாமின் மாலைநேரப் பொருளைத் தமிழுக்கு இறக்குமதி செய்ய முன்வர வேண்டும். இதற்கான பரிசோதனை எளிது. தாபோடிவரை லோக்கலில் போய், உறவினர் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டி, வழக்கமான ‘சும்மாதான்’ என்பதை விழுங்கிவிட்டு, ‘உங்களைப் பாக்கணும்னே வந்தேன் மாமா’ என்று நேராகச் சொல்ல வேண்டும்.

இப்பரிசோதனை செய்யப்பட்டது. மாமா சற்று நேரம் பேசவில்லை. பிறகு அத்தையை அடுக்களைக்கு அனுப்பிவிட்டு, நாற்காலியை அருகே இழுத்துப்போட்டு, குரலைத் தாழ்த்தி, ‘இப்பக் கையில ஒண்ணும் இல்லப்பா. ஒண்ணாந் தேதிக்கு மேல வேணா பாக்கலாம். எவ்வளவு வேணும்?’ என்றார்.